வாலப்: குதிரைப் பாய்ச்சலில் கிளம்பி முதுகில் விழுந்த சொல்

ஆங்கிலத்தில் 'வாலப்' (wallop) என்றால் கையை ஓங்கி, பலம் கொண்ட மட்டும் விட்ட அடி. கன்னத்தில் பளாரென்று விழும் அறை அல்ல. அதற்கு 'ஸ்லாப்' இருக்கிறது. விரல்களை மடக்கி விடும் குத்துக்கு 'பஞ்ச்' இருக்கிறது. வாலப் இரண்டையும் விடக் கனமானது. கையால் விழலாம், கட்டையால் விழலாம், கிரிக்கெட் மட்டையிலிருந்து பந்தின் மேலும் விழலாம். முழு வீச்சு வேண்டும், சத்தம் கனமாகக் கேட்க வேண்டும், அடிபட்டது இருந்த இடத்தை விட்டுச் சற்று நகர வேண்டும். 'ஓங்கி ஒரு சாத்து சாத்தினான்', 'முதுகில் நாலு மொத்து மொத்தினாள்' என்று நாம் சொல்லும் இடம்தான் இதன் இடம்.

அகராதிகள் இதைப் பேச்சுவழக்குச் சொல் என்றே குறிக்கின்றன. ஆனால் இதற்கு அடி என்ற பொருள் வந்து சுமார் 200 ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கு முன்பு நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக இதே சொல் ஆங்கிலத்தில் வேறு வேலைகள் பார்த்துவந்தது. முதலில் குதிரையோடு ஓடியது, பிறகு அடுப்பில் ஏறிக் கொதித்தது, அதன் பிறகே கையில் ஏறியது. இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால், இச்சொல்லைப் பற்றிச் சொல்லப்படும் கட்டுக்கதைகள் எங்கே சறுக்குகின்றன என்பது தானாகவே தெரிந்துவிடும்.

வாரண்டியும் கேரண்டியும்

மிக்சி வாங்கப் போனால் கடைக்காரர் வாரண்டி இத்தனை வருஷம் என்பார். பக்கத்துக் கடையில் கேரண்டி என்பார்கள். இன்று இரண்டுக்கும் சட்டப்படி வேறுபாடு உண்டு. பிறப்பில் இரண்டும் ஒரே சொல். விடுதி வார்டனும், பள்ளி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் கார்டியனும் அப்படித்தான்.

இதற்குக் காரணம் பிரான்சுக்குள் இருந்த ஒரு பிளவு. பிராங்குகள் என்ற ஜெர்மானிய இனத்தார் பிரான்சில் குடியேறியபோது வகர ஒலியில் தொடங்கும் பல சொற்களைக் கொண்டுவந்தார்கள். வடக்கே நார்மண்டி, பிக்கார்டி பகுதிகளில் அந்த வகரம் அப்படியே நின்றது. பாரிஸைச் சுற்றிய பகுதியில் அது முதலில் 'க்வ' ஆகி, பிறகு வெறும் ககரமாகத் தேய்ந்தது. 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் வடக்குக்காரர்கள். அவர்களோடு வந்தவை வகரச் சொற்கள். பின்னால் பாரிஸ் மொழியின் செல்வாக்கு ஓங்கியபோது அதே சொற்களின் ககர வடிவங்களும் கடல் தாண்டின. ஆங்கிலம் எதையும் திருப்பி அனுப்பவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு வேலையைப் பிரித்துக் கொடுத்தது. அந்த நார்மன் மன்னனையே ஆங்கிலேயர் வில்லியம் என்கிறார்கள், பிரெஞ்சுக்காரர்கள் கியோம் என்கிறார்கள். கிரிக்கெட்டில் விழும் விக்கெட்டும், பிரெஞ்சு ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் 'கிஷே' ஜன்னலும் இதே வகை ஜோடி.

வாலப்புக்கும் அப்படி ஒரு ஜோடி உண்டு. அதுதான் 'கேலப்', குதிரையின் நாலுகால் பாய்ச்சல். வடக்குப் பிரெஞ்சு வடிவம் வாலப், பாரிஸ் வடிவம் கேலப். 14-ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தில் குதிரை வீரர்கள் 'வாலப்' செய்துதான் போகிறார்கள். யாரையும் அடிக்கப் போகவில்லை, விரைந்து போகிறார்கள், அவ்வளவுதான். பிறகு கேலப் வந்து சேர்ந்து குதிரை வேலையை மெல்ல மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. வேலை போன வாலப் செத்துப்போயிருக்க வேண்டும். அப்படி எத்தனையோ சொற்கள் செத்திருக்கின்றன.

இதற்கும் பின்னால் போனால் அகராதியில் ஒரு நட்சத்திரக் குறி வரும். சொல் வரலாற்றில் ஒரு வடிவத்துக்கு முன்னால் நட்சத்திரம் இருந்தால், அது எந்தக் கல்வெட்டிலும் ஏட்டிலும் கிடைக்காதது, உறவு மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் கட்டியெழுப்பிய வடிவம் என்று பொருள். வாலப்பின் நட்சத்திர மூலமாகப் பெரும்பாலும் காட்டப்படுவது 'வாலா ஹ்லௌபன்'. முதற்பாதிக்கு 'நன்றாக' என்று பொருள் (ஆங்கில 'வெல்' இதன் உறவு), பிற்பாதிக்கு 'ஓடு'. ஜெர்மன் 'லௌஃபன்', டச்சு 'லோபன்', ஆங்கில 'லீப்' எல்லாம் அந்தப் பிற்பாதியின் வாரிசுகள். முதற்பாதியைப் போர்க்களம் என்று கொள்ளும் கட்சியும் உண்டு. எப்படி எடுத்தாலும் கடைசியில் நிற்பது ஓட்டம்தான், அடி இல்லை.

ஒரு கொதி, இரண்டு கொதி

16-ஆம் நூற்றாண்டில் வாலப்புக்கு அடுப்படியில் வேலை கிடைத்தது. தண்ணீரோ குழம்போ தளதளவென்று புரண்டு கொதிப்பதை வாலப் என்றார்கள். பாய்ந்தோடும் குதிரையின் உடல் எழுந்தெழுந்து விழுவதும், பானைக்குள் நீர் எழுந்தெழுந்து விழுவதும் ஒரே அசைவாகப் பட்டிருக்கிறது. சத்தமும் ஒத்துழைத்தது. நாலுகால் பாய்ச்சலில் நான்கு குளம்புகளும் அடுத்தடுத்து நான்கு தட்டாக விழும், பிறகு நான்கும் தரையில் இல்லாத ஒரு கணம், மறுபடியும் நான்கு தட்டு. நன்றாகக் கொதிக்கும் பானையின் பக்கத்தில் நின்று கேட்டால் அதே போன்ற உருளல் காதில் விழும்.

அந்த ஒலி எப்படி வருகிறது என்று பார்த்தால் சொல்லின் பொருத்தம் புரியும். பானை சூடேறத் தொடங்கும்போது அடியில் பிறக்கும் சிறு குமிழிகள் மேலே வருவதற்குள் குளிர்ந்த நீரில் பட்டு உள்ளேயே அமிழ்ந்துவிடும். அப்போது கேட்பது வெறும் சீறல். முழு நீரும் கொதிநிலைக்கு வந்த பிறகுதான் பெரிய குமிழிகள் உயிரோடு மேற்பரப்பை எட்டி உடைகின்றன. சீறல் அடங்கி, தளதளப்பு தொடங்கும். கூழோ கஞ்சியோ என்றால் குமிழி உடைவது இன்னும் கனமாக 'தொப், தொப்' என்று கேட்கும். வாலப் இந்த இரண்டாம் கட்டத்துக்கு உரிய சொல். சீறும் நீருக்கு அதைச் சொல்ல மாட்டார்கள்.

அந்தக் காலத்து ஆங்கிலச் சமையல் குறிப்புகளில் இது ஓர் அளவாகவே பழகியது. கடிகாரம் இல்லாத அடுப்படியில் 'ஒரு வாலப், இரண்டு வாலப் கொதிக்க விடு' என்று எழுதினார்கள். தமிழ் வாசகருக்கு இதை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. 'ரசம் ஒரு கொதி வந்ததும் இறக்கு', 'இரண்டு கொதி விட்டுப் புளியைச் சேர்' என்று இன்றும் நாம் சொல்வது சொல்லுக்குச் சொல் அதுவே. கொதிக்கும் வினையையே எண்ணி அளக்கும் இந்தப் பழக்கம் நம் வீடுகளில் உயிரோடு இருக்கிறது. ஆங்கிலம் அதைத் தொலைத்துவிட்டது.

இந்த இடத்தில் ஒரு சிறு கிளைக்கதை உண்டு. வாக்குரிமையை மாற்றியமைத்த 1832 சீர்திருத்தச் சட்டத்துக்கு முன்பு இங்கிலாந்தின் சில நகரங்களில், சோமர்செட்டின் டான்டன், டெவனின் ஹோனிட்டன் போன்றவற்றில், சொந்தமாக அடுப்பு வைத்துப் பானை கொதிக்கவிடும் ஆண் ஒவ்வொருவருக்கும் நாடாளுமன்ற வாக்குரிமை இருந்தது. அவர்களுக்குப் பெயர் 'பாட்வாலப்பர்', பானை கொதிக்கவிடுபவர். பிறர் வீட்டில் குடியிருப்பவர்கள் தங்கள் ஓட்டை யாரும் மறுத்துவிடக் கூடாது என்பதற்காக, தேர்தலுக்கு முன்பு தெருவில் அடுப்பு மூட்டி, ஊரார் பார்க்கச் சமைத்தார்களாம். டான்டனைப் பற்றிய 18-ஆம் நூற்றாண்டுப் பயணக் குறிப்பு ஒன்று இப்படிச் சொல்கிறது. கவனிக்க வேண்டியது, அந்தச் சொல்லின் முதல் வடிவம் 'பாட்வாலர்' என்பது. 'வால்' என்பது கொதித்தலுக்கான பழைய ஆங்கில வினை. வாலப்போடு அதற்கு ரத்த உறவு கிடையாது. அந்தப் பழைய வினை வழக்கொழிந்து பொருள் மங்கியபோது, மக்கள் தாங்கள் அறிந்த கொதிச் சொல்லான வாலப்பை அங்கே பொருத்திவிட்டார்கள். பொருள் தெரியாத சொல்லை, தெரிந்த சொல்லின் சாயலுக்கு மாற்றிக்கொள்வது எல்லா மொழியிலும் நடக்கும்.

அடி எப்போது விழுந்தது

18-ஆம் நூற்றாண்டு வாக்கில் வாலப், கனத்த உடல் ஒன்று தடுமாறிப் புரண்டு விழுவதையும், விழும்போது எழும் சத்தத்தையும் குறிக்கத் தொடங்கியிருந்தது. ஸ்காட்லாந்துப் பேச்சில் துள்ளித் துடிப்பதற்கும் கயிற்றில் தொங்கி ஆடுவதற்கும் இதே சொல். 1820-ஐ ஒட்டி 'வெளுத்து வாங்கு' என்ற வினையாக எழுத்தில் வருகிறது. சில ஆண்டுகளிலேயே 'பலத்த அடி' என்ற பெயர்ச்சொல்லும் வந்துவிடுகிறது.

இங்கே அகராதிக்காரர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். குதிரை, கொதி, புரளல், விழுதல், அடி என்று ஒரே சங்கிலியாகப் பார்ப்பவர்கள் ஒரு பக்கம். அடிக்கும் பொருள் சத்தத்தைப் போலி செய்து தனியாகப் பிறந்தது, பழைய சொல்லோடு உருவத்தில் ஒத்துப்போயிற்று, அவ்வளவுதான் என்பவர்கள் இன்னொரு பக்கம். சங்கிலிக் கட்சியே வலுவானது என்பது இந்தக் கட்டுரையின் நிலை. காரணம், நடுக்கண்ணி கையில் இருக்கிறது. 'தொப்பென்று விழுதல்' என்ற பொருள் முன்பே வழக்கில் இருந்தபோது, விழும் உடலிலிருந்து விழும் கைக்குத் தாண்ட ஓர் அடி எடுத்து வைத்தால் போதும். தமிழிலும் 'விழு' அப்படித்தான் வேலை செய்கிறது. மரம் விழுகிறது, முதுகில் அடியும் விழுகிறது.

ஆனாலும் ஒலிக்கு இதில் பங்கு இல்லை என்று சொல்ல முடியாது. 'ஃப்ளாப்', 'ப்ளாப்', 'சாப்', 'பாப்', 'வாப்' என்று கனமாக விழுவதையும் வெட்டுவதையும் அடிப்பதையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் பல பகர மெய்யில் மூடுகின்றன. நம் 'தொப்' மூடுவதும் அங்கேதான். உதடு இரண்டும் பட்டென்று சேரும்போது எதுவோ எதன் மேலோ மோதிய உணர்வு வாயிலேயே கிடைக்கிறது. வாலப்பைச் சொல்லிப் பார்த்தால் 'வா' என்று கை ஓங்குகிறது, லகரத்தில் காற்றில் சுழல்கிறது, 'ப்' என்று இறங்குகிறது. குதிரை வேலையைப் பறிகொடுத்த பிறகும் இச்சொல் பிழைத்திருந்ததற்கு இந்த ஓசைக்கட்டு பெரிய காரணம்.

இன்னொரு பழக்கமும் இதோடு ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்தில் அடிக்கும் சொற்கள் 'மிகப் பெரிய' என்ற பொருளுக்குத் தாவும். 'தம்ப்' என்பது அடி, 'தம்ப்பிங் மெஜாரிட்டி' என்பது மாபெரும் பெரும்பான்மை. 'வாப்' அடி, 'வாப்பிங்' பிரம்மாண்டம். வாலப்பும் அதே வழியில் 'வாலப்பிங்' ஆகி, மிகப் பெரிய மீனுக்கும் அண்டப் புளுகுக்கும் அடைமொழியாயிற்று.

தளபதியும் சோடா பாட்டிலும்

இணையத்தில் அதிகம் சுற்றும் கதை தளபதி ஜான் வாலப்புடையது. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் காலத்தில், 1514-இல், பிரெஞ்சுக்காரர்கள் இங்கிலாந்துக் கடற்கரை ஊரான பிரைட்டனை எரித்ததற்குப் பழி வாங்க அவர் நார்மண்டிக் கரைக்குப் போய் 21 ஊர்களைக் கொளுத்தினார். அன்று முதல் பலத்த அடிக்கு அவர் பெயர் வந்தது என்பார்கள். ஆள் உண்மை. கதை நிற்காது. அவர் பெயரால் அடி பிறந்திருந்தால் 16-ஆம் நூற்றாண்டிலேயே அந்தப் பொருள் எழுத்தில் வந்திருக்க வேண்டும். வந்ததோ 300 ஆண்டு கழித்து. இடையில் அச்சு ஏடுகள் ஏராளம். ஒன்றில்கூட ஒளிந்திராமல் ஒரு பொருள் மூன்று நூற்றாண்டு வாய்மொழியாக மட்டும் வாழ்ந்தது என்பது நம்பத்தக்கதல்ல. தளபதியின் குடும்பப் பெயர் ஹாம்ப்ஷயரில் உள்ள ஓவர் வாலப், மிடில் வாலப், நெதர் வாலப் என்ற ஊர்களின் வழி வந்தது. அந்த ஊர்ப்பெயர் இங்கிலாந்தின் பழைய நிலக் கணக்கெடுப்பான 1086 டூம்ஸ்டே பதிவேட்டிலேயே இருக்கிறது, ஊற்றுநீர் ஓடும் பள்ளத்தாக்கு என்ற பொருளில் இருக்கலாம் என்கிறார்கள் ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள். குதிரைச் சொல்லோடு அதற்கு எழுத்தொற்றுமை மட்டுமே.

இரண்டாவது கதை நமக்கு நெருக்கமானது, ஏனெனில் அதில் கோலி சோடா வருகிறது. ஆங்கிலத்தில் 'காட்ஸ்வாலப்' (codswallop) என்றால் சுத்த உளறல். லண்டன்காரரான ஹைரம் காட் (Codd) 1872-இல் கோலி அடைப்பு பாட்டிலுக்குக் காப்புரிமை பெற்றார். பாட்டிலைத் தலைகீழாக வைத்து வாயு ஏற்றிய நீரை நிரப்புவார்கள். நிமிர்த்தும்போது உள்ளிருக்கும் வாயு கோலியைக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு அழுத்தி அடைத்துவிடும். கட்டை விரலால் தட்டினால் கோலி இறங்கும். கழுத்துக்குக் கீழே இருக்கும் இடுக்கில் அது மாட்டிக்கொள்வதால் ஊற்றும்போது திரும்ப வந்து அடைக்காது. தமிழ்நாட்டுப் பெட்டிக்கடைகளில் பன்னீர் சோடா அடைத்து வரும் அதே பாட்டில்தான். வாலப் என்பது பீருக்கும் ஒரு கொச்சைப் பெயர். பீர் குடிப்பவர்கள் காட்டின் சோடாவை 'காட்'ஸ் வாலப்' என்று இளக்காரம் செய்தார்கள். அதுவே உளறலுக்குப் பெயராயிற்று என்பது கதை.

தேதிகளை அடுக்கிப் பார்த்தால் இதுவும் கலைகிறது. காட் இறந்தது 1887-இல். பீருக்கு வாலப் என்ற கொச்சைப் பெயர் எழுத்தில் வருவது 1930-களில். காட்ஸ்வாலப்புக்குக் கிடைத்துள்ள முதல் சான்று 1959-இல் பிபிசி நகைச்சுவைத் தொடர் ஒன்றின் வசனம். சோடா பாட்டில் கதை அதற்கும் பிறகுதான் அச்சில் தலைகாட்டுகிறது. போதாக்குறைக்கு, காட் தன் பெயரில் இரண்டு 'டி' போடுபவர். இந்தச் சொல்லில் ஒரே 'டி'.

இப்படி எந்தச் சொல்லின் கதை வந்தாலும் சோதிக்க மூன்று கேள்விகள் போதும். சொல் முதலில் எழுத்தில் கிடைத்த ஆண்டு எது? கதை சொல்லும் பொருள் முதலில் கிடைத்த ஆண்டு எது? அந்தக் கதையே முதலில் சொல்லப்பட்ட ஆண்டு எது? மூன்றாவது ஆண்டு மற்ற இரண்டையும் விடப் பல தலைமுறை பிந்தியதாக இருந்தால் கதை பின்னால் இட்டுக்கட்டியது என்று சந்தேகிக்கலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: அகராதி தரும் ஆண்டு கிடைத்த சான்றின் வயது, சொல்லின் வயது அல்ல. பேச்சில் ஒரு சொல் பத்து இருபது ஆண்டு முன்பே உலவியிருக்கலாம். 300 ஆண்டு என்பது வேறு விஷயம்.

எழுதும்போது தவறுவது எங்கே

முதலில் உச்சரிப்பு. ஆங்கிலத்தில் டபிள்யூவை அடுத்து வரும் ஏ, பெரும்பாலும் 'வாட்ச்', 'வாஷ்', 'வாலட்' என்பவற்றில் உள்ள ஒலியைத் தரும். வாலப்பும் அப்படியே. ஆனால் அந்த ஏவுக்குப் பின்னால் க், க்ஸ், ங் போன்ற பின்னண்ண ஒலி வந்தால் இது நடக்காது. அதனால்தான் அடிக்கும் இன்னொரு சொல்லான 'வேக்', மெழுகைக் குறிக்கும் 'வேக்ஸ்' இரண்டிலும் 'பேங்க்', 'பேக்' என்பதன் ஒலி கேட்கிறது.

இறந்தகாலத்தில் எழுதும்போது 'பி' ஒன்றுதான். அழுத்தம் முதல் அசையில் விழுவதால் கடைசி மெய் இரட்டிக்காது. கேலப்புக்கும் அதே விதி. பிரிட்டிஷ் எழுத்தில் 'வொர்ஷிப்', 'கிட்நாப்' இரண்டும் விதியை மீறி 'பி'யை இரட்டிப்பதைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கும் இரட்டித்துவிடுகிறார்கள்.

தமிழ் பேசுபவர்கள் அடிக்கடி செய்யும் பிழை வேறொன்று. நமக்கு ஒரு தட்டுக்கும் 'அடித்தான்', ஒரு மணி நேரம் வெளுத்ததற்கும் 'அடித்தான்'. ஆங்கிலத்தில் ஒருமுறை விழுந்தது 'ஹிட்', தொடர்ந்து விழுந்தது 'பீட்'. ஒற்றை அறைக்கு 'பீட்' என்று எழுதினால் படிப்பவர் மனதில் ரத்தக் காயம் தோன்றும். வாலப் இந்த இரண்டையும் தாங்கும். பெயர்ச்சொல்லாக 'எ வாலப்' என்றால் ஒரே அடி. 'எ வாலப்பிங்' என்றால் செம உதை, அல்லது விளையாட்டில் படுதோல்வி. 'பேக்ஸ் எ வாலப்' என்றால் காரமோ சாராயமோ பலமாக வேலை காட்டுகிறது என்று பொருள். யாரும் யாரையும் அடிக்கவில்லை. இதை 'அடியைக் கட்டிக்கொண்டு வருகிறது' என்று பெயர்ப்பவர்கள் உண்டு. 'சுள்ளென்று ஏறுகிறது' என்றால் முடிந்தது.

எங்கே எழுதக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். இச்சொல்லில் ஒரு விளையாட்டுத்தனம் இருக்கிறது. பழைய ஆங்கிலச் சிறுவர் கதைகளில் வாத்தியாரும் அப்பாவும் பிள்ளைகளை வாலப் செய்துகொண்டே இருப்பார்கள், வாசகன் சிரிப்பான். பிரிட்டனின் அரசுப் பள்ளிகளில் பிரம்படி 1987-இல் நின்றது. 2020-இல் ஸ்காட்லாந்தும் 2022-இல் வேல்ஸும் வீட்டுக்குள் பெற்றோர் அடிப்பதையும் தடுத்தன. மனைவியையோ குழந்தையையோ ஒருவன் தாக்கிய செய்தியில் வாலப் என்று எழுதினால் குற்றம் கேலிக்கூத்தாகிவிடும். காவல்துறைப் புகார், மருத்துவ அறிக்கை, நீதிமன்ற மனு ஆகியவற்றில் 'ஹிட்', 'ஸ்ட்ரக்', 'அசால்ட்' தவிர வேறு வேண்டாம். தமிழில் 'தாக்கினார்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'மொத்தினார்' என்று நாம் எழுதுவோமா?

கிரிக்கெட் வருணனையில் கவலையே இல்லை. பந்தை மிட்விக்கெட்டுக்கு மேல் தூக்கியடித்ததற்கு வாலப் கச்சிதமானது. தமிழில் 'ஓங்கி ஒரு சாத்து, பந்து கூட்டத்துக்குள்' என்று போட்டுவிடலாம். ஓர் அணி இன்னொன்றை வாலப் செய்தது என்றால் 'புரட்டி எடுத்தது', 'வெளுத்து வாங்கியது' இரண்டும் பொருந்தும். இரண்டாவது கூடுதலாகப் பொருந்தும். அதுவும் வேறொரு தொழிலிலிருந்து, துணியைக் கல்லில் அடித்து வெளுக்கும் துறையிலிருந்து, அடிக்கு வந்த சொல்தான்.